டொக்டர் கடிதத்தில் இருக்கும் கிரேக்கம்

ஜேர்மனிக்கு வந்து டொச் (ஜேர்மன் மொழி) வகுப்பை ஒழுங்காக முடித்தவர்கூட, ஆஸ்பத்திரிக் கடிதத்தைப் பிரித்ததும் திகைத்துப்போவார். வகுப்பில் படித்த சொற்கள் அதில் குறைவு. நோய்ப் பெயர்களில் பெரும்பகுதி பழைய கிரேக்கம், மிச்சம் இலத்தீன். டொக்டர் நேரில் 'லுங்கன்என்ட்சுண்டுங்' என்று சொன்ன நுரையீரல் அழற்சி, கடிதத்தில் 'ப்நொய்மொனீ' ஆகிவிடும். வீதியில் 'கின்டர்ஆர்ட்ஸ்ட்' (குழந்தை வைத்தியர்) என்று பலகை வைத்திருப்பவரின் துறை, பெரிய ஆஸ்பத்திரியில் 'பெடியாட்ரீ'. பள்ளிக்கூடப் பிள்ளையை மொழிபெயர்க்கக் கூட்டிப்போகும் வீடுகளில் சிக்கல் இங்கேதான் வருகிறது. பிள்ளைக்குத் தெரிந்தது வீட்டிலும் வகுப்பிலும் புழங்கும் டொச். கடிதத்தில் இருப்பது அதற்கும் அந்நியம்.

இந்தச் சொற்களெல்லாம் பழைய கிரேக்க மருத்துவர் இப்போக்கிராத்தஸ் காலத்திலிருந்தே அப்படியே வந்தவை அல்ல. அவருடைய மரபில் எழுதப்பட்ட மருத்துவ ஏடுகளும், உரோமில் இருந்துகொண்டு கிரேக்கத்திலேயே எழுதிய பெர்காமம் ஊர் கேலனின் நூல்களும் அடித்தளம் போட்டன. ஆனால் 19ஆம் நூற்றாண்டிலும் மருத்துவர்கள் புதிதாகக் கண்ட நோய்க்குக் கிரேக்கத் துண்டுகளை ஒட்டியே பெயர் வைத்தார்கள். ஜேர்மன் மருத்துவர் ருடோல்ஃப் ஃபிர்கோ 1847இல் இரத்தப் புற்றுநோய்க்கு 'லொய்க்கேமீ' என்று பெயரிட்டது 'வெள்ளை'யையும் 'இரத்த'த்தையும் சேர்த்துத்தான். ஒவ்வாமையைக் குறிக்கும் 'அலர்கீ' இன்னும் இளையது: வியன்னாவின் கிளெமென்ஸ் ஃபொன் பிர்கே 1906இல் உருவாக்கியது. ஒட்டிச் செய்த சொல் என்பதால் பிரித்துப் பார்க்க முடியும். முப்பது நாற்பது துண்டுகள் மனதில் இருந்தால் கடிதத்தில் பாதி திறந்துவிடும். டொச் இலக்கணத்துக்குச் செலவழிக்கும் நேரத்தில் சிறு பங்கு இதற்குப் போதும். ஆனாலும் வழக்கமான டொச் வகுப்புகளில் இதைச் சொல்லித் தருவதில்லை என்பது உண்மையிலேயே பெரிய குறை.

சொல்லைப் பின்னாலிருந்து வாசியுங்கள். என்ன நடக்கிறது என்பதை வால் சொல்லும், எந்த உறுப்பு என்பதை நடுப்பகுதி சொல்லும். 'இட்டிஸ்' என்றால் அழற்சி. 'எக்டொமீ' என்றால் வெட்டி அகற்றுவது. 'ஸ்கொப்பீ' என்றால் கருவியால் உள்ளே பார்ப்பது. 'ஏமீ' என்று முடிந்தால் இரத்தம் சம்பந்தப்பட்டது. உறுப்புகளில் 'ஹெப்பாட்' ஈரல், 'காஸ்ட்ர்' இரைப்பை, 'நெஃப்ர்' சிறுநீரகம், 'ஆர்த்ர்' மூட்டு, 'ஹிஸ்டர்' கருப்பை.

பித்தப்பை சத்திரசிகிச்சைக்குப் போனவரின் கடிதத்தில் 'லப்பரோஸ்கோப்பிஷ கோலெட்சிஸ்டெக்டொமீ' என்று இருக்கும். வாலில் 'எக்டொமீ': அகற்றல். அதற்கு முன் 'சிஸ்ட்': பை. அதற்கும் முன் 'கோலே': பித்தம். பித்தப்பையை எடுத்துவிட்டார்கள் என்பது தெரிந்துவிட்டது. முன்னால் நிற்கும் 'லப்பரோஸ்கோப்பிஷ', வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல் சிறு துளைகளால் கமரா விட்டுச் செய்தது என்கிறது. அடுத்த வரியில் 'லித்தியாசிஸ்' வந்தால் 'லித்' கல். பித்தப்பையில் கல் இருந்ததுதான் காரணம்.

வால்களில் சில ஏமாற்றும். 'ஆர்த்ரிட்டிஸ்' மூட்டழற்சி, 'ஆர்த்ரோஸ' மூட்டுத் தேய்வு. இரண்டும் முழங்கால் நோவாகத் தொடங்கலாம், வைத்தியம் வேறு. 'காஸ்ட்ரெக்டொமீ' என்றால் இரைப்பையையே அகற்றுவது. 'காஸ்ட்ரோஸ்டொமீ' என்றால் உணவு செலுத்தும் குழாய் வைப்பதற்காக வயிற்றுச் சுவரில் ஒரு துளை விடுவது. 'ஓம்' என்ற வாலைக் கண்டதும் புற்றுநோய் என்று நடுங்க வேண்டாம். 'ஹெமட்டோம்' இரத்தக் கண்டல், 'கிளவ்கோம்' கண் நரம்பைத் தாக்கும் நோய். ஆனால் 'கார்ட்சினோம்', 'சார்க்கோம்', 'லிம்ஃபோம்' போன்றவை புற்று. 'ஹிஸ்டெரெக்டொமீ' என்ற சொல் உள்ள தாளில் கையெழுத்துக் கேட்டால், கருப்பையை எடுக்கப்போகிறார்கள் என்று பொருள். அது விளங்காமல் ஒரு பெண்ணும் கையெழுத்திடக் கூடாது.

காதில் விழும்போது இன்னும் கவனம் வேண்டும். டொச்சில் 'ஹூப்பர்' மிகை, 'ஹூப்போ' குறை. ரெலிபோனில் கடைசி அசை அமுங்கினால் இரண்டும் ஒன்றுபோல் கேட்கும். இன்சுலின் போடும் அம்மாவுக்கு 'ஹூப்போகிளுக்கேமீ' என்றால் இரத்தத்தில் சீனி டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கியிருக்கிறது, உடனே இனிப்பு கொடுக்க வேண்டும். 'ஹூப்பர்' என்றால் இனிப்பு கொடுப்பதே ஆபத்து. சந்தேகம் இருந்தால் "சூ ஹோக் ஓடர் சூ நீட்ரிக்?" என்று கேளுங்கள்: கூடவா, குறையவா? மாடி மாறிப் போய்த் தேர்மீனை (டொக்டர் தந்த நேரத்தை) தவறவிட வைக்கும் சோடியும் ஒன்று உண்டு. 'நெஃப்ரோலொகீ' சிறுநீரகம், 'நொய்ரோலொகீ' நரம்பு.

புராணமும் கண்முன்னேதான் இருக்கிறது. மருந்துக்கடை வாசலில் உள்ள சிவப்பு எழுத்துக்குள் கிண்ணமும் பாம்பும் தெரியும். அது கிரேக்கச் சுகாதார தேவதை ஹிகியேயாவின் கிண்ணம். சுகாதாரத்தைக் குறிக்கும் 'ஹூகியேன' அவள் பெயரில் வந்தது. அவளுடைய தந்தை அஸ்கிளேபியோஸ், மருத்துவக் கடவுள். பாம்பு சுற்றிய தடி அவருடையது, அதில் ஒரு பாம்புதான். அவர் பெயரிலும் சூரியக் கடவுள் ஹீலியோஸ் பெயரிலும் ஜேர்மனியில் பெரிய ஆஸ்பத்திரி நிறுவனங்கள் இருக்கின்றன. குதிக்காலுக்கு மேலுள்ள தசைநார் அகில்லெசின் பெயரைத் தாங்குகிறது. வானத்தைச் சுமந்த அட்லாஸ், தலையைச் சுமக்கும் முதல் கழுத்தெலும்பானார்.

மோர்ஃபீனைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். பாடர்போர்ன் நகரின் மருந்துக்கடையில் வேலை பார்த்த ஃபிரீட்ரிஷ் செர்ட்யூர்னர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அபினியிலிருந்து பிரித்தெடுத்து, கனவுக் கடவுள் மோர்ஃபியசின் பெயரை வைத்தார். நம் குடும்பங்களில் அந்தப் பெயரைக் கேட்டதும் "இனி முடிவுதான்" என்று அழத் தொடங்கிவிடுகிறார்கள். மாரடைப்பின் நோவுக்கும், சத்திரசிகிச்சைக்குப் பின்னும் கொடுக்கிற மருந்து அது. பயந்து மறுத்தால் நோயாளிதான் வீணாக நோவைத் தாங்குகிறார். நீண்ட நாள் எடுப்பவருக்கு மலச்சிக்கல் வரும், அதற்கான மருந்தையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள்.

நோய்ப் பெயரை உடைத்துவிட்டால் மட்டும் போதாது, அதன் பக்கத்தில் நிற்கும் எழுத்தையும் பாருங்கள். குடும்ப வைத்தியர் தரும் தாளில் நோய்க் குறியீட்டுக்குப் பின்னால் 'கே' (G) என்றால் உறுதியான நோய், 'ஃபவ்' (V) என்றால் வெறும் சந்தேகம், 'செட்' (Z) என்றால் முன்பு இருந்து மாறியது, 'ஆ' (A) என்றால் இல்லை என்று உறுதியானது. சந்தேகமாக எழுதியதை உறுதியென்று வாசித்துத் தூக்கத்தைத் தொலைத்தவர்கள் நிறையப் பேர்.

விளங்காத இடத்தில் "வாஸ் ஹைஸ்ட் தாஸ் அவுஃப் டொச்?" (இதற்கு டொச்சில் என்ன பெயர்?) என்று கேட்கத் தயங்க வேண்டாம். ஏறக்குறைய ஒவ்வொரு கிரேக்கப் பெயருக்கும் வீட்டு டொச்சில் ஒரு பெயர் உண்டு. 2013இல் வந்த நோயாளர் உரிமைச் சட்டப்படி, சத்திரசிகிச்சைக்கு முன் வாய்மொழியாகவும் நோயாளிக்கு விளங்கும்படியும் விளக்குவது டொக்டரின் கடமை. யாழ்ப்பாணத்தில் மானிப்பாயில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டிலேயே மேற்கத்திய மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். விளங்கும் மொழியில் கேட்பது நமக்குப் புதிதல்ல.

பெற்றோர் கனடாவுக்கோ ஊருக்கோ போகும்போது நோய்ப் பெயர்களைத் தமிழில் மாற்றாமல் கடிதத்தில் உள்ளபடியே எழுதிக் கொடுங்கள். அங்குள்ள டொக்டருக்கும் அதே கிரேக்கம் தெரியும். இரண்டு சொற்களை மட்டும் மாற்றுங்கள். ஜேர்மனியில் உயர் இரத்த அழுத்தத்துக்கு எழுதும் 'ஹூப்பர்டொனீ', ஆங்கிலத்தில் பெரும்பாலும் தசை இறுக்கத்தைக் குறிக்கும். 'ஹைப்பர்டென்ஷன்' என்று எழுதுங்கள். 'ஆர்த்ரோஸ' இருந்தால் 'ஒஸ்டியோஆர்த்ரைட்டிஸ்'.