பள்ளிக்கூடக் கிணறும் நாற்பது மடங்குக் கணக்கும்

யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பள்ளிக்கூட விடுதியில் இருந்தவர்களுக்குக் கிணற்றடி மறக்காது. சவர்க்காரத்தை எவ்வளவு தேய்த்தாலும் நுரை வராது, தலைமயிரில் பிசுக்கு நிற்கும், குசினிக் கேத்திலின் அடியில் வெள்ளைப் படை விரல் நகத்துக்கும் பெயராது. மாரியில் கூரைப் பீலித் தண்ணீரில் குளித்தால் அதே சவர்க்காரம் நுரைத்துத் தள்ளும். கிணற்றுத் தண்ணீரும் மழைதான். நிலத்துக்குள் இறங்கியபோது சுண்ணாம்புக்கல்லைக் கரைத்து எடுத்துக்கொண்ட மழை.

வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சுவிடுவதால் மண்ணிடுக்குக் காற்றில் காபனீரொட்சைட்டு வெளிக்காற்றைவிடப் பல மடங்கு இருக்கும். அதை வாங்கிய மழைநீர் மென் அமிலமாகிக் கல்லின் கல்சியம் காபனேற்றைக் கரையக்கூடிய இருகாபனேற்றாக மாற்றுகிறது. கொதிக்க வைத்தால் வாயு வெளியேறி, கரைந்த கல் திரும்பவும் கல்லாகிப் படிகிறது. கேத்திலில் உறைந்திருந்தது குடாநாட்டுக் கல்தான். லண்டனிலும் தண்ணீர் சுண்ணாம்புப் பாறை நிலத்தின் வழியாக வருவதால் அங்குள்ள நம்மவர் கேத்திலிலும் அதே படை. மெல்பேணில் இருப்பவர்களுக்கு அந்த வேலை இல்லை, அங்கே மலைக்காட்டு மழைநீர்.

படையைச் சுரண்ட வேண்டாம். அரைக் கேத்தில் தண்ணீரில் இரண்டு தேசிக்காய்ச் சாறு விட்டு ஒரு கொதி கொதிக்கவிட்டு, ஒரு மணித்தியாலம் வைத்து ஊற்றுங்கள். பொங்குவது கல்லுக்குள் இருந்த அதே காபனீரொட்சைட்டு. அலுமினியக் கேத்திலில் இரவு முழுக்க விட்டுவிடக் கூடாது; படை தீர்ந்தபின் அமிலம் உலோகத்தைத் தின்னத் தொடங்கும். பிளேன்ரீயின் மேல் மிதக்கும் ஆடைக்கும் கல்சியமும் இருகாபனேற்றுமே காரணம். ஒரு சொட்டுத் தேசிக்காய் ஆடையையும் தடுக்கும், சாயத்தையும் வெளிற வைக்கும்.

சவர்க்காரம் நுரைக்காததற்கும் கல்சியமே காரணம். அது சவர்க்காரத்தோடு சேர்ந்து தண்ணீரில் கரையாத பிசுக்காகிவிடும். கல்சியம் முழுவதும் அப்படித் தீர்ந்த பிறகுதான் நுரை. இரசாயனக் கூடத்தில் இதை வைத்தே தண்ணீரின் வன்மையை, அதாவது நுரையைத் தடுக்கும் தன்மையை, அளந்தோம். 50 மில்லிலீற்றர் தண்ணீரைப் போத்தலில் எடுத்து, சவர்க்காரக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஒவ்வொரு முறையும் குலுக்கி, நுரை ஐந்து நிமிடம் நிற்கும் வரை சொட்டுகளை எண்ண வேண்டும். மழைநீருக்கு ஒன்றிரண்டு போதும். கிணற்றுநீருக்கு விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கொதிக்க வைத்து வடித்த கிணற்றுநீருக்குக் குறையும். அந்தக் குறைவு நிலையில்லா வன்மை, மிச்சம் நிலையான வன்மை. குலுக்காமல் விட்டால் கணக்கு பிழைக்கும்.

பனம்பழம் போட்டு உடுப்புத் தோய்த்த நம் பாட்டிமாருக்கு இந்தக் கரைச்சல் குறைவு. பனங்களியின் கைப்புக்குக் காரணமான பிளாபெலிபெரின்கள் சப்போனின் வகை. அவை நுரைக்கும், ஆனால் சவர்க்காரம் போல மின்னேற்றம் உடையவை அல்ல, அதனால் கல்சியம் அவற்றைப் பிடித்துப் படியவைக்க முடியாது. வன்னீர் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான தோய்ப்புப் பொருள் கிடையாது என்பேன்.

இனி, இதை எழுத வைத்த விடயம். ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு என்ன செய்யலாம் என்று பழைய மாணவர் சங்கக் கூட்டங்களில் கேட்டால், ஆழக் குழாய்க்கிணறு என்ற பதில் வரும். குடாநாட்டில் ஆழம் கூடினால் தண்ணீர் கூடும் என்பது தவறு.

அங்கே வற்றாத ஆறு இல்லை, வழுக்கை ஆறும் மாரியில்தான் ஓடும். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் இறங்கி, அடியில் புகுந்திருக்கும் கடல்நீரின் மேல் வில்லை வடிவில் மிதக்கிறது. 1888இல் நெதர்லாந்துக்காரர் படொன் கைபென், 1901இல் ஜேர்மனியர் ஹேர்ட்ஸ்பேர்க் இருவரும் தனித்தனியே இதன் கணக்கைச் சொன்னார்கள். ஒரு கன மீற்றர் நன்னீர் 1000 கிலோ, கடல்நீர் 1025 கிலோ. ஆகவே 41 அடி நன்னீர் நிரலும் 40 அடி கடல்நீர் நிரலும் ஒரே எடை. கிணற்று நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே 40 அடிக்கு நன்னீர் இருக்கலாம். அந்த ஓர் அடியை இறைத்து இறக்கினால் அடியிலிருந்து உப்புநீர் 40 அடி ஏறப் பார்க்கும். உடனே ஏறாது, நாட்கள், மாதங்கள் எடுக்கும், அதனால்தான் எல்லாரும் ஏமாறுகிறோம். இரண்டு நீரும் கலந்த சவர்ப் படை ஒன்றும் நடுவில் இருப்பதால் இந்தக் கணக்கு சொல்வதற்கு முன்பே கிணறு கெட்டுவிடும். நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உப்பும் இருப்பது இதனால்தான். வில்லையின் ஓரம் கடலை நோக்கிக் கசியும் இடங்களில் ஒன்றில்தான் கீரிமலைக் கேணி இருக்கிறது.

துலாவும் பட்டையும் மெதுவாக, மேல் நீரை மட்டும் அள்ளின. இடையில் ஊற்று ஊறி மட்டத்தை மீட்டது. மெசின் ஒரே இடத்தில் வேகமாக உறிஞ்சுவதால் உப்புநீர் அதற்கு நேர்கீழே கூம்பாக எழும்பும். பம்ப் வைத்தே ஆக வேண்டுமென்றால் உறிஞ்சு குழாயின் வாயைக் கிணற்றின் அடியில் வைக்காமல் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே கட்டுங்கள். ஒரே மூச்சில் தொட்டி நிரப்பாமல் இடைவெளி விட்டு இறையுங்கள். பெரிய கிணறு ஒன்றைவிடத் தள்ளித் தள்ளி மேலோட்டமான இரண்டு மேல். சவர் நாக்கில் பட்டால் அன்றைக்கு நிறுத்துங்கள். 2004 சுனாமிக்குப் பின் இலங்கையின் கிழக்குக் கரையில் கடல் புகுந்த கிணறுகளை வேகமாக இறைத்துத் துப்புரவு செய்த இடங்களில் கீழிருந்து உப்பு ஏறிக்கொண்டது. மாரி மழை வந்து கழுவும்வரை பொறுத்திருப்பதே நல்ல வழியாக இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெடிப்புள்ள சுண்ணாம்புக்கல் மணலைப் போல வடிகட்டாது. மலசலகூடக் குழியும் தோட்டத்து உரமும் கிணற்றுக்கு நேர்வழி பிடிக்கும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஆனால் நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கும் தண்ணீரில் இதைப் பரிசோதித்தே ஆக வேண்டும்.

அதனால் என் வாக்கு மழைநீர்த் தொட்டிக்கு. 100 சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை 100 லீற்றர். ஆண்டுக்கு 1200 மில்லிமீற்றர் என்று வைத்து, சிந்தலுக்கும் ஆவியாதலுக்கும் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் 96,000 லீற்றர் வரும். முதல் மழையின் தண்ணீர் எச்சமும் தூசும் அடித்து வரும், அதைத் தொட்டிக்குள் விடாமல் திருப்பிவிடத் தனிக் குழாய் வேண்டும். நுளம்பு புகாதபடி வாய்க்கு வலை, பாசி பிடிக்காதபடி வெளிச்சம் படாத மூடி. புதுச் சீமெந்துத் தொட்டியில் முதல் நிரப்பலைக் குடிக்கக் கொடுக்கக் கூடாது. மென்மையான மழைநீர் சீமெந்திலுள்ள சுண்ணாம்பைக் கரைத்துக் காரமாகிவிடும். அந்தத் தண்ணீரை வெளியேற்றிவிட்டு, அடுத்த மழையில் மறுபடி நிரப்புங்கள்.