பி.எச். தாள் சொல்லாத பாதி

சாயப்பட்டறை ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் புரியவைக்கப் பார்ப்பது ஒன்றைத்தான்: பி.எச். வேறு, காரத்தன்மை வேறு. சிவப்பு லிட்மஸ் நீலமானால் காரம், நீலம் சிவந்தால் அமிலம் என்பதோடு பலருடைய பள்ளிப் படிப்பு நின்றுவிடுகிறது. திருப்பூரில் பருத்திக்குச் சாயம் ஏற்ற அது போதாது.

ஆழ்துளைக் கிணற்று நீரைப் பி.எச். தாளில் தொட்டால் பெரும்பாலும் 7.5 அளவில் காட்டும். "நடுநிலைதானே சார்?" என்பார்கள். அதே நீரைக் கொதிக்கவைத்து, ஆறிய பிறகு பார்க்கச் சொல்வேன். எண் 8-ஐத் தாண்டியிருக்கும். யாரும் எதையும் கலக்கவில்லை. நீரில் இருந்த பைகார்பனேட் சூட்டில் சிதைந்து, கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, கார்பனேட் தங்கிவிட்டது. 1909-இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தில் சோரன்சென் வகுத்த பி.எச். அளவுகோல் ஹைட்ரஜன் அயனியின் இப்போதைய நிலையைச் சொல்லும். நீருக்குள் இருப்பாக உள்ள காரத்தை, அதாவது காரத்தன்மையை, அது சொல்லாது.

அந்த இருப்புதான் சாயத் தொட்டியில் விளையாடுகிறது. ரியாக்டிவ் சாயம் பருத்தியோடு பிணையக் காரம் வேண்டும். ஆகவே சாயம் துணியெங்கும் பரவிய பிறகுதான் சோடா ஆஷை (சோடியம் கார்பனேட் என்ற காரம்) சிறிது சிறிதாக விட்டுப் பி.எச்.-ஐ 11-ஐ ஒட்டிக் கொண்டுபோகிறோம். சூடேறும்போதே நீர் காரமாகிவிட்டால், சாயம் பரவுவதற்குள் பட்ட இடத்திலேயே பற்றிக்கொள்ளும். துணி திட்டுத்திட்டாக வரும். சாயம்தான் தரக்குறைவு என்று பழி போடுவது எளிது. நான் முதலில் நீரைத்தான் கேட்பேன்.

கேட்கும் முறை பழையதுதான். 100 மில்லி நீர், இரண்டு சொட்டு மெத்தில் ஆரஞ்சு நிறங்காட்டி, பியூரெட்டில் (சொட்டுச் சொட்டாக விடும் அளவுக்குழாயில்) 0.02 நார்மல் செறிவுள்ள கந்தக அமிலம். மஞ்சள் நிறம் செம்மஞ்சளாகத் திரும்பும் வரை செலவாகும் ஒவ்வொரு மில்லிக்கும், கால்சியம் கார்பனேட் கணக்கில், லிட்டருக்கு 10 மில்லிகிராம் காரத்தன்மை. இவ்வளவு மலிவான சோதனையைத் தவிர்ப்பதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

சாயமேற்றிய பின் அசிட்டிக் அமிலத்தால் நடுநிலையாக்கும்போதும் இதே கதைதான். (விலை குறைவு என்று கந்தக அமிலத்தை அங்கே விடக்கூடாது, அது ஆவியாகாமல் இழையிலேயே தங்கி, உலரும்போது செறிந்து பருத்தியை அரிக்கும்.) தொட்டி நீர் 6.5 காட்டலாம், தடித்த துணியின் உள்ளிழையில் காரம் இன்னும் ஒளிந்திருக்கும். துணியின் ஓரத்தை வெட்டி, வெட்டுவாயில் ஒரு சொட்டு நிறங்காட்டி விட்டுப் பார்க்காமல் துணியை அடுத்த தொட்டிக்கு அனுப்ப நான் கையெழுத்துப் போடுவதில்லை.