சவுக்குத் தோப்பு ரிலே கம்பம்: மூன்றாவது முறை பிரித்து மாட்டிய கதை

சித்தப்பாவின் இறால் குட்டை பரங்கிப்பேட்டைக்கு வடக்கே இருக்கிறது. வீட்டில் ஃபைபர் இணைப்பு உண்டு, குட்டைக்கும் வீட்டுக்கும் மூன்று கிலோமீட்டர்கூட இல்லை, ஆனால் நடுவில் சவுக்குத் தோப்பு நிற்கிறது. "குட்டையில ஒரு கேமரா வச்சிக் குடேன்டா" என்று அவர் ஆரம்பித்து வைத்ததுதான் எல்லாம். தோப்போரத்து மணல்மேட்டில் ஒரு ஜி.ஐ. கம்பம், அதில் இன்டர்நெட்டைக் காற்றில் அனுப்பும் இரண்டு ரேடியோ, ஒன்று வீட்டைப் பார்த்து, இன்னொன்று குட்டையைப் பார்த்து. அங்கே ஈ.பி. கரண்ட் கிடையாது, சோலார் பேனலும் பேட்டரியும்தான். ரேடியோ வாங்க ஒரு வாரம் உட்கார்ந்து யோசித்த நான், அதற்குக் கரண்ட் கொடுக்கும் சாமான்களை ஒரே சாயங்காலத்தில் கையில் கிடைத்ததை வாங்கிப் போட்டேன். அப்புறம் ஒன்றரை வருஷம் கடலூரிலிருந்து பைக்கில் போய்ப் போய் வந்ததற்குக் காரணம் அந்தச் சாயங்காலம்தான்.

முதலில் செய்தது: 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி, ரேடியோவுக்கு 24 வோல்ட் வேண்டும் என்பதால் நடுவில் வோல்டேஜை ஏற்றித் தரும் ஒரு சின்ன போர்டு, எல்லாம் ஒரு இரும்புப் பெட்டிக்குள். 2024 மாசியில் மாட்டினேன், நன்றாகத்தான் ஓடியது. கத்திரி வெயில் தொடங்கியதும் தினமும் மதியம் ஒரு மணிக்கு லிங்க் போய்விடும், நாலு மணிக்குத் தானாக வந்துவிடும். சவுக்கு வளர்ந்து மறைக்கிறதோ என்று பார்த்தேன், வேறு யாராவது அதே சேனலில் வந்துவிட்டார்களோ என்று மாற்றிப் பார்த்தேன், ரேடியோவைக்கூட ஒருமுறை கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கடைசியில் ஒரு தெர்மாமீட்டரைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு நிழலில் உட்கார்ந்தேன். மதியம் 61 டிகிரி. போர்டில் இருந்த கெப்பாசிட்டர் இரண்டின் தலையும் பூரி மாதிரி உப்பியிருந்தன. பக்கவாட்டில் 85 டிகிரி என்று போட்டிருந்தது. 105 டிகிரி என்று போட்டதாக வாங்கியிருக்க வேண்டும். இந்த வகைக் கெப்பாசிட்டருக்கு 10 டிகிரி சூடு குறைந்தால் ஆயுள் சுமார் இரண்டு மடங்கு ஆகும் என்பது கணக்கு, அதனால் இருபது டிகிரி வித்தியாசம் சாதாரணமில்லை.

நல்ல போர்டு தேடுவதைவிட அந்த போர்டே இல்லாமல் செய்ய முடியுமா என்று பார்த்தேன். முடியும். இரண்டு 12 வோல்ட் 40 ஏ.எச். (ஆம்பியர் அவர்) பேட்டரியை சீரிஸில், அதாவது ஒன்றின் பின் ஒன்றாக, போட்டால் 24 வந்துவிடுகிறது. ஒன்றே ஒன்று பார்க்க வேண்டும்: சார்ஜ் ஏறும்போது 28.8 வோல்ட் வரை போகும், ரேடியோ அதைத் தாங்குமா என்று அதன் டேட்டாஷீட்டில் பார்த்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். என்னுடையது தாங்கும். பெட்டியையும் வெள்ளை பிளாஸ்டிக்குக்கு மாற்றி பேனலின் நிழலில் வைத்தேன்.

அடுத்த அடி மழையில். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்ததே, அந்த வாரம். கம்பம் நின்றது, பேனல் நின்றது, லிங்க் இல்லை. தண்ணீர் வடிந்து நான் போனபோது பார்த்ததை இன்னும் மறக்கவில்லை. பேட்டரி தீர்ந்தால் லோடை, அதாவது ரேடியோக்களை, துண்டிக்க வேண்டியது பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருக்கும் சார்ஜ் கன்ட்ரோலரின் வேலை, அதன் லோடு விளக்கும் அணைந்துதான் இருந்தது, ஆனால் மேலே ஒரு ரேடியோவில் பச்சை விளக்கு மங்கலாக மினுக்கிக்கொண்டிருந்தது. 24 இருக்க வேண்டிய பேட்டரி 15 வோல்ட்.

தப்பு என்னுடையதுதான். மலிவான கன்ட்ரோலர் பலவற்றிலும் பாசிட்டிவ் எல்லாம் ஒன்றாக இருக்கும், லோடின் நெகட்டிவைத்தான் உள்ளே சுவிட்ச் செய்வார்கள். நான் என்ன செய்தேன், இடிக்குப் பாதுகாப்பு என்று பேட்டரி நெகட்டிவைக் கம்பத்தோடு எர்த் செய்திருந்தேன். ரேடியோவின் கேபிளைச் சுற்றியிருக்கும் உலோக உறையும் (ஷீல்டு) கம்பத்தோடு சேர்ந்திருந்தது, அந்த மாடலில் ஷீல்டும் நெகட்டிவும் உள்ளே ஒன்று. ஆக கரண்ட் கன்ட்ரோலரைச் சுற்றிக்கொண்டு கம்பம் வழியாகவே ஓடியிருக்கிறது. சுவிட்ச் அணைந்தாலும் அணையாவிட்டாலும் ஒன்றுதான். இது போதாதென்று, அளந்து பார்க்கப் பேட்டரியைக் கழற்றி மறுபடி மாட்டினேனா, தானாக 12, 24 கண்டுபிடிக்கும் அந்தக் கன்ட்ரோலர் 15 வோல்ட்டைப் பார்த்து இது நிறைந்துவிட்ட 12 வோல்ட் பேட்டரி என்று முடிவு செய்து சார்ஜ் ஏற்றுவதையே நிறுத்திவிட்டது. வெயில் அடிக்கிறது, பேனல் சும்மா நிற்கிறது. இரண்டு பேட்டரியும் காயலான் கடைக்குப் போயின.

இப்போதைய கணக்கு இது. இரண்டு ரேடியோவும் சேர்ந்து 10 வாட், ஒரு நாளைக்கு 240 வாட் அவர். லெட் ஆசிட்டில் பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும், 40 ஏ.எச். என்றால் இரண்டு நாள்தான். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே இரண்டு நாள் எந்த மூலைக்கு? அதனால் லித்தியம் அயர்ன் பாஸ்பேட், 25.6 வோல்ட், 40 ஏ.எச். 80 சதவீதம் இறக்கினாலும் 820 வாட் அவர் கிடைக்கும், மூன்று நாளைத் தாண்டும். விலை கடித்தது, சித்தப்பா பாதி போட்டார். பேனல் 75 வாட் இரண்டு, சீரிஸில். எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் (பேனலிலிருந்து முடிந்த அளவு கரண்டைக் கறக்கும் வகை), 24 என்று பூட்டி வைக்கக்கூடியது. கடைக்காரரிடம் நான் கேட்ட முதல் கேள்வியே உள்ளே பேட்டரி நெகட்டிவும் லோடு நெகட்டிவும் ஒன்றாக இருக்கிறதா என்பதுதான். அவருக்குத் தெரியவில்லை, மல்டிமீட்டரைக் கையோடு கொண்டுபோயிருந்தேன்.

ஃபியூஸ் பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள். வீட்டு எம்.சி.பி.யை (கரண்ட் மிஞ்சினால் தானாக விழும் சுவிட்ச்) போடச் சொன்னார்கள், வீட்டுக்கு வரும் ஏ.சி. கரண்டுக்கு மட்டும் செய்தது பேட்டரியின் டி.சி.யில் தீப்பொறியை அணைக்கும் என்று நம்ப முடியாது, அதனால் டி.சி. என்று எழுதியிருப்பதையே வாங்கினேன்.

உப்புக் காற்றைப் பற்றி ஒரு விஷயம். பழைய பெட்டியில் கேபிள் நுழையும் இடத்தை குளியலறைக்கு அடிக்கும் சிலிக்கானால் அடைத்திருந்தேன். பிரித்தபோது அதற்கு உள்பக்கம் செம்புக் கம்பியெல்லாம் பச்சைக் களிம்பு, தொட்டால் பொடியாக உதிர்ந்தது. வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் காயும்போது அசிட்டிக் அமிலம் விடும், மூடிய பெட்டியில் அது போக இடமில்லை. கடல்மேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன். இப்போது நியூட்ரல் சிலிக்கான், வெள்ளீயம் பூசிய கம்பி, கேபிள் எல்லாம் அடிப்பக்கத்து கிளாண்டு (கேபிளை இறுக்கிப் பிடிக்கும் மூடி) வழியாக.

இந்த ஐப்பசியில் தொடர்ந்து மூன்று நாள் வெயில் முகமே காட்டாதபோது போனில் பார்த்தேன், 25.9 வோல்ட். நாலாம் நாள் மதியம் ஏறிவிட்டது. எர்த் கம்பியின் போல்ட்டு மட்டும் துருப்பிடிக்க ஆரம்பித்திருக்கிறது, பொங்கல் லீவில் ஸ்டெயின்லெஸ் போட வேண்டும்.