கசிந்த பச்சை ஜாடி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குப் போனேன். திருவான்மியூரில் மாமல்லபுரம் பஸ் பிடித்தால் வாசலிலேயே இறங்கிவிடலாம். (செவ்வாய்க்கிழமை விடுமுறை. தெரியாமல் ஒருமுறை கேட்டோடு திரும்பியவன் நான்.) 1996-இல் திறந்த அருங்காட்சியகம். தென்மாநிலங்களில் இடிபட இருந்த பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்த அம்மா எழுந்திருப்பதாகத் தெரியவில்லை. நான் மட்டும் சக்கரம் சுற்றும் இடத்துக்குப் போனேன்.

பானை வனையும் பெரியவர் என் கையைப் பிடித்து மண்ணில் வைத்தார். "கட்டை விரலை உள்ள விட்டுட்டு சும்மா இருங்க தம்பி. இழுக்காதீங்க." இழுத்தேன். மண் ஒரு பக்கமாகச் சாய்ந்து தோசைபோல் படுத்துவிட்டது. சிரித்துக்கொண்டே அதை வழித்து உருண்டையாக்கி, அரை நிமிஷத்தில் ஒரு குவளையை எழுப்பி நூலால் அறுத்து வைத்தார். நகத்தில் ஏறிய மண் மறுநாள்வரை போகவில்லை.

அந்த மயக்கத்தில்தான், திரும்பும் வழியில் ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) ஓரக் கடை ஒன்றில் அந்தப் பூச்சாடியைப் பார்த்ததும் விழுந்தேன். முழங்கை உயரம். கழுத்தில் கிளிப்பச்சை, வயிற்றில் வழிந்து இறங்கி, கீழே பாசி நிறமாகத் திரண்டு, அடிக்கு ஒரு விரல்கடை மேலே ஒற்றைச் சொட்டாக உறைந்து நின்றது. செம்பு உப்பு கலந்த பூச்சு, சூளையில் உருகிக் கண்ணாடியானது. அடிவிளிம்பு மட்டும் வெறும் மண். "அங்கயும் பூசினா சூளைத் தட்டுல ஒட்டிக்கும் சார்," என்றார் கடைக்காரம்மா. உண்மைதான். 1,400 ரூபாயை 1,100-க்குக் குறைத்துவிட்ட பெருமை எனக்கு.

அம்மா புரட்டிப் பார்த்தார். "நம்ம ஊறுகாய் ஜாடியும் இதே பளபளப்புதானேடா?"

வீட்டில் தேக்கு அலமாரிமேல் வைத்து, தண்ணீர் ஊற்றி, சம்பங்கி செருகினேன். காலையில் ஜாடியைத் தூக்கினால், அப்பாவின் அலமாரியில் வெள்ளையாக ஒரு வட்டம்.

பெரியமேட்டு ஓவியக் கல்லூரியில் (1850-இல் தொடங்கியது) செராமிக் படித்த தோழிக்குப் போன் போட்டேன். "உள்ள டார்ச் அடிச்சுப் பாரு. முடி மாதிரி கோடு தெரியுதா?" தெரிந்தது. சிலந்தி வலைபோல உட்புறம் முழுக்க. சூளை ஆறும்போது மண்ணைவிடப் பூச்சு அதிகமாகச் சுருங்கினால் அப்படி வெடிக்குமாம். அதுகூடப் பரவாயில்லை, உள்ளே மண் இறுகியிருந்தால். இது குறைந்த சூட்டில் சுட்ட மண். மண்பானைபோல நீர் குடிக்கும். பானை கசிந்தால் தண்ணீர் ஜில்லென்று இருக்கும், பூச்சாடி கசிந்தால் அலமாரி போகும். 1,200 டிகிரிக்கு மேல் சுட்ட ஸ்டோன்வேர் என்றால் மண்ணே கல்லாக இறுகிவிடும், பூச்சு வெடித்தாலும் பெரும்பாலும் கசியாது. அம்மாவின் மேலே காப்பிக்கலர், கீழே வெள்ளை ஜாடி அந்த ஜாதி. முப்பது வருஷ ஆவக்காயில் ஒரு சொட்டு எண்ணெய் வெளியே வந்ததில்லை. அதை அவர் இந்த வாரத்தில் நான்கு தடவை சொல்லிவிட்டார்.

வாங்கும்போது தண்ணீர் ஊற்றி, பழைய பேப்பர்மேல் ஒரு ராத்திரி வைத்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடுமாம். எந்தக் கடையில் ஒரு ராத்திரி விடுவார்கள்?

இப்போது ஜாடிக்குள் ஒரு கண்ணாடி டம்ளரை இறக்கி, அதில் தண்ணீர். வெளியே தெரியாது. அந்த ஒற்றைப் பச்சைச் சொட்டு சாயங்கால வெயிலில் மின்னும்போது கோபமும் வருவதில்லை.

அடுத்த மாதம் புதுச்சேரி போகிறோம். 1971-இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மண்பாண்டப் பட்டறையைத் தொடங்கியதிலிருந்து ஸ்டோன்வேருக்குப் பேர்போன ஊர். தண்ணீர் பாட்டிலையும் நேற்றைய பேப்பரையும் அம்மா இப்போதே பைக்குள் வைத்துவிட்டார்.