தண்ணீர் கலக்காத பால்

கிராமப் பால் கூட்டுறவுச் சங்கமொன்றில் நான் பால் பரிசோதகராகப் பணியாற்றியபோது, ஒற்றைக் கறவைப் பசுவை நம்பி வாழ்ந்த ஓர் அம்மாவின் பாலில் எஸ்.என்.எஃப். அளவு, அதாவது கொழுப்பு நீங்கலான திடப்பொருளின் சதவீதம், 8.5இலிருந்து பத்தே நாளில் 7.8க்கு இறங்கியது. தண்ணீர் கலந்துவிட்டார் என்று முடிவுகட்டி, வரிசையில் நின்ற அனைவரின் முன்பும் பாலைத் திருப்பி அனுப்பினேன். "மாட்டு மேல சத்தியமா ஒரு சொட்டுத் தண்ணி கலக்கலப்பா" என்று அவர் சொன்னது இன்றும் என்னை உறுத்துகிறது.

அந்த வாரம் வந்த கால்நடை மருத்துவர், நான்கு குழிகள் கொண்ட தட்டில் ஒவ்வொரு காம்பின் பாலையும் தனித்தனியே பீச்சி, கலிபோர்னியா மடிநோய்ச் சோதனைக் கரைசலை அதே அளவு ஊற்றிச் சுழற்றியபோது, பின்காம்பு ஒன்றின் பால் மட்டும் கூழாகத் திரண்டது. மடியில் வீக்கமோ சூடோ இல்லை. பாலின் நிறமும் மாறவில்லை. வெளியே தெரியாத மடிநோயிலும் பால் சுரக்கும் திசு பழுதுபட்டு, பாலின் சர்க்கரையான லாக்டோஸும் புரதமான கேசீனும் குறைந்து, உப்பு கூடுகிறது என்று அவர் விளக்கினார். கருவி காட்டிய அளவில் பிழையில்லை. அதற்கு நான் கற்பித்த காரணமே பிழை.

அதே தெருவில் மேலும் சில பசுக்களுக்கும் நோய் இருந்தது. அவை அனைத்தையும் கறந்தவர் ஒருவரே. பால் நுரையில் விரலை நனைத்து, பெருவிரலை மடக்கிக் கறந்துவிட்டு, கை கழுவாமலே அடுத்த கொட்டகைக்குச் செல்வார். அவரிடம் எவரும் எதையும் சொல்லிக் கொடுத்ததில்லை என்பதால் அவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. முதல் பீச்சலைத் தரையில் விடாமல் கறுப்புக் கிண்ணத்தில் பிடித்துத் திரி, அதாவது திரண்ட பால் கட்டி, இருக்கிறதா என்று பார்ப்பதையும், முழுக் கையால் கறப்பதையும், நோயுற்ற மாட்டைக் கடைசியில் கறப்பதையும் அவர் விரைவில் பழகிக்கொண்டார். மடியைத் துடைப்பதுதான் கடினமாக இருந்தது. கழுவினால் போதும் என்பதே ஊரின் எண்ணம். ஆனால் ஈரமான மடியிலிருந்து அழுக்கு நீர் வழிந்து காம்பு நுனியில்தான் தங்கும் என்பதால், மாட்டுக்கொரு உலர்ந்த துணி வேண்டும் என்று வீடுவீடாகச் சென்று வலியுறுத்தினேன். கறந்தபின் காம்பை 0.5 சதவீத அயோடின் கரைசலில் முக்கி, காம்புத் துளை மூடும்வரை மாடு படுக்காதிருக்க உடனே பசுந்தீவனம் வைக்கச் சொன்னோம்.

சிகிச்சை நாட்களிலும் மருந்து பாலிலிருந்து நீங்கும்வரையிலும் அந்த அம்மா பால் ஊற்றவில்லை, வருமானமும் இல்லை. பிறகு அவர் வந்த காலையில் அளவு 8.4 எனக் காட்டியது. அதை வரிசை முழுவதும் கேட்கும்படி வாசித்துவிட்டு, அன்று தவறு என்னுடையது என்றும் அங்கேயே சொன்னேன்.