பின்னால் போனால் பூட்டு

ஈ-லர்னிங் பாடம் செய்கிறவர்களுக்கு நெக்ஸ்ட் பட்டனைப் பூட்டி வைப்பதில் தனி சந்தோஷம். திரையில் இருக்கும் படங்களை எல்லாம் தட்டிப் பார்த்தால்தான் பட்டன் திறக்கும். படிக்காமல் டக்டக்கென்று தட்டிக்கொண்டு ஓடுபவர்களைப் பிடிக்கத்தான் இந்த ஏற்பாடு. பினாங்கின் பாயான் லெப்பாஸில் எங்கள் தொழிற்சாலையில் அது பிடித்தது, பாடத்தை ஒழுங்காகப் படித்த ஒரே ஆளை.

பாடம் ஈஎஸ்டி பற்றியது, அதாவது நிலைமின்சாரம் சட்டென்று பாய்ந்து சிப்புகளைக் கெடுப்பது. உடம்பில் சேரும் நிலைமின்சாரம் 3,000 வோல்ட்டைத் தொட்டால்தான் நமக்கே சுரீர் என்று தெரியும்; சில சிப்புகள் 100 வோல்ட்டுக்குள்ளேயே செத்துப்போகும். வெளியே பினாங்கு புழுக்கத்தில் சட்டையைப் பிழியலாம், உள்ளே ஏர்கோன் காற்று காய்ந்து கிடக்கும், நிலைமின்சாரம் சேர அது போதும். அதனால் மணிக்கட்டில் பட்டை, குதிகாலில் பட்டை, மேசையில் விரிப்பு, மேலே அங்கி. நாலுக்கும் நாலு படம். வெளியே ஒரு நிறுவனத்திடம் கொடுத்து, ஸ்டோரிலைன் என்ற பாடம் செய்யும் மென்பொருளில் செய்து வாங்கியது.

லைனில் ஒரு அக்காவுக்கு நெக்ஸ்ட் வேலை செய்யவில்லை என்று புகார் வந்தது. என் கணினியில் ஜம்மென்று வேலை செய்தது. பக்கத்து இருக்கைத் தம்பியிடமும் அப்படியே. "பிரவுசரை ரிஃப்ரெஷ் பண்ணச் சொல்லுங்கண்ணே" என்றான். எங்கள் துறையில் எல்லா வலிக்கும் அதுதான் பனடோல் மாத்திரை.

பயிற்சி அறைக்குப் போய் அக்காவின் பின்னால் நின்றேன். நாலு படத்தையும் தட்டினார், பட்டன் திறந்தது. அடுத்த பக்கம் போனார். என்ன நினைத்தாரோ, மறுபடி பின்னால் வந்தார். பட்டன் சாம்பல் நிறமாகிப் பூட்டிக்கொண்டது. நாலு படத்தையும் திரும்பத் தட்டினார். ம்ஹூம்.

"பாருங்க தம்பி, நான் ஒண்ணும் பண்ணலை."

டிரிகர் என்றால் எது நடந்தால் எதைச் செய் என்று சொல்லும் கட்டளை. அந்தப் பட்டியலைத் திறந்தால் விஷயம் அங்கேயே உட்கார்ந்திருந்தது. பக்கத்தின் டைம்லைன் தொடங்கும்போது, அதாவது பக்கம் திறந்ததும், நெக்ஸ்ட்டைப் பூட்டு என்று ஒன்று. நாலு படமும் 'விசிட்டட்' (தட்டிப் பார்த்தாயிற்று) நிலைக்கு மாறும்போது திற என்று இன்னொன்று. திரும்பி வந்தால் முதலாவது மறுபடி ஓடிப் பூட்டிவிடும். பக்கம் பழைய நிலையை ஞாபகம் வைத்திருப்பதால் படங்கள் ஏற்கெனவே விசிட்டட். இனி மாறுவதற்கு என்ன இருக்கிறது? இரண்டாவது டிரிகர் அசையவே அசையாது. நானும் தம்பியும் சோதித்தபோது ஒருமுறைகூட பேக் பட்டனைத் தொடவில்லை. யார் தொடுவார்கள்?

தம்பி உடனே இன்னொரு டிரிகர் போட்டான்: டைம்லைன் தொடங்கும்போது நாலும் விசிட்டட் என்றால் திற. சரியான வைத்தியம்தான், ஆனால் அதைப் பூட்டும் டிரிகருக்கு மேலே வைத்துவிட்டான். இவை மேலிருந்து கீழே வரிசையாக ஓடும். திறந்த வேகத்தில் பூட்டிக்கொண்டது. கீழே இறக்கியதும் சரியானது.

அப்புறம்தான் கேட்டேன், "ஏங்க்கா திரும்பத் திரும்பப் பின்னால போறீங்க?"

"அந்தக் குதிகால் பட்டைப் படம்தான் தம்பி. நாடாவை ஷூக்கு வெளியே தொங்க விட்டிருக்கான். உள்ள போய் காலுக்கு அடியில இருந்தாத்தானே கரண்டு தரைக்கு இறங்கும்? நான்தான் தப்பா பார்த்தேனோன்னு போய்ப் போய்ப் பார்த்தேன்."

பாடம் செய்தவர்கள், சரிபார்த்தவர்கள், கையெழுத்துப் போட்ட பாதுகாப்பு அதிகாரி, ஒருவர் கண்ணிலும் படவில்லை. சரி என்று அக்காவின் காலையே படம் பிடித்து, நாடாவை முறையாக உள்ளே விட்டு, பாடத்தில் ஏற்றினோம்.

இப்போது எல்லா ஷிஃப்ட்டிலும் ஆளாளுக்குப் பின்னால் போகிறார்கள், அக்காவின் காலைப் பார்க்க. நெக்ஸ்ட் ஒருவருக்கும் பூட்டவில்லை. அக்காவுக்குத்தான் ஒரு குறை: "இத்தனை பேர் பார்ப்பாங்கன்னு முன்னாடியே சொல்லியிருந்தா, முகத்தையும் சேர்த்து எடுக்கச் சொல்லியிருப்பேன்ல?"