நிலவுக்கு மை கிடையாது

நவம்பர் 8, வெள்ளி

தூக்கம் வரவில்லை. ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேயின் சருவாக்கா தெரு இரவுக் காட்சியைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1856இல் வந்த மரப்பலகை அச்சு, எடோ நகரின் நூறு புகழ்பெற்ற இடங்கள் என்ற வரிசையில் ஒன்று (பெயர்தான் நூறு, எண்ணினால் கூடுதலாகவே வரும்). எடோ என்றால் இன்றைய டோக்கியோ. ஊர் நடுவே இருந்த கபுகி நாடகக் கொட்டகைகளை 1840களின் தொடக்கத்தில் அரசு அசகுசா பக்கம் ஒதுக்குப்புறமாகத் தள்ளிவிட்டது. அந்தத் தெருதான் இது. மேலே முழுநிலவு, கீழே தெரு நிறைய ஆட்கள். எத்தனையோ முறை பார்த்த படம், ஆனால் ஆட்களின் காலடியில் சாம்பல் நிறத்தில் நிழல் விழுந்திருப்பது இன்றுதான் கண்ணில் பட்டது. அவருடைய மற்ற படங்களில் பட்டப்பகலில் நடப்பவருக்குக்கூட நிழலைத் தேட வேண்டியிருக்கிறது, இங்கே நிலவு வெளிச்சத்துக்கு இருக்கிறது!

நவம்பர் 10, ஞாயிறு

அந்த நிலவு வெறும் காகிதம். வானத்துக்கான பலகையில் அந்த வட்டத்தை மட்டும் குடைந்து எடுத்துவிடுவார்கள், மை படாத இடம் நிலவாகிவிடும். வேலையெல்லாம் அதைச் சுற்றியுள்ள இருட்டில்தான். செரி மரப்பலகையை ஈரத்துணியால் துடைத்து, ஒரு ஓரத்தில் மட்டும் சாயமும் அரிசிப்பசையும் வைத்துத் தூரிகையால் இழுத்தால் நிறம் போகப்போக நீர்த்துக்கொண்டே வரும். இதற்குப் பொகாஷி என்று பெயர். ஒவ்வொரு தாளுக்கும் திரும்பத் திரும்பக் கையால் செய்தாக வேண்டும். நீலம் பெரும்பாலும் பிரஷ்யன் நீலம், பெர்லினில் பிறந்த சாயம் என்பதால் அங்கே அதை 'பெரோ' என்றார்கள், 1830 வாக்கில்தான் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது.

ஹிரோஷிகே வரைந்து கொடுத்ததோடு சரி. செதுக்கியவர் வேறு, அச்சடித்தவர் வேறு, பணம் போட்ட பதிப்பாளர் வேறு. நான் மயங்கிக் கிடக்கும் இந்த வானத்தை இழுத்த கை யாருடையது என்று படத்தில் எங்கும் இல்லை.

நவம்பர் 13, புதன்

சும்மா இருக்க முடியாமல் நானே இறங்கிவிட்டேன். பிளைவுட் துண்டு, வாட்டர் கலர், சோற்றுக் கஞ்சி, தேய்க்கக் கரண்டியின் முதுகு (அவர்கள் மூங்கில் மட்டையால் பொதிந்த பாரென் என்ற வட்டையால் தேய்ப்பார்கள்). முதல் தாளில் வானம் திட்டுத்திட்டாக வந்தது. இரண்டாவதில் தண்ணீர் அதிகமாகி மொத்தமும் வழிந்துவிட்டது. நிலவை ஆழமாகக் குடையாததால் குழிக்குள் சாயம் தேங்கி, கிரகணம் பிடித்த மாதிரி இருக்கிறது. விரலில் கீறல் வேறு.

நவம்பர் 15, வெள்ளி, பௌர்ணமி

இன்று இன்னொரு ஜப்பானிய மர அச்சு ஓவியர், கவாசே ஹசுயி. 1930இல் அவர் செய்த 'மகோமே நிலவு' என்ற படம்: உயர்ந்த கரிய பைன் மரங்கள், அவற்றின் பின்னால் நிலவு, கீழே ஒரு வீட்டில் மஞ்சளாக ஒரே ஒரு ஜன்னல். அந்த மஞ்சள் இல்லாவிட்டால் படம் இவ்வளவு குளிராக இருக்காது என்று தோன்றுகிறது. 1923இல் டோக்கியோவைத் தாக்கிய நிலநடுக்கத்தில் மூண்ட தீயில் அவருடைய ஓவியக் குறிப்பேடுகளும், பதிப்பாளர் வதனபேயின் அச்சுப் பலகைகளும் எரிந்துபோயின. அதற்கப்புறம் ஊர் ஊராகச் சுற்றி, புதிதாக வரையத் தொடங்கி வந்த வழியில்தான் இது.

என் பலகையில் வட்டத்தை இன்னும் குடைந்து, கஞ்சியைக் கெட்டியாக்கி நான்காவது தாள் போட்டேன். இடது மூலையில் மட்டும், ஒரு தீப்பெட்டி அகலத்துக்கு, நீலம் ஒழுங்காகக் கரைந்து வந்திருக்கிறது. நிலவின் ஓரத்தில் என் கட்டைவிரல் ரேகை.